ஐந்து மாதக் குழந்தைக்கு டயாலிசிஸ் செய்யலாமா?

கேள்வி: நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். எங்களுக்கு முதல் குழந்தை, பையன். வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கிறது என்றார்கள். பிறந்த நாலாம் நாள், யூரின் பாதையில் இருந்த வால்வை டெலஸ்கோப் விட்டு எரித்தார்கள். யூரின் நன்றாகத்தான் போகிறது. ஆனால் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே வந்து இப்போது 5-ஐத் தாண்டிவிட்டது. பையனுக்கு ஐந்து மாதம், எடை நாலே முக்கால் கிலோ. குடித்த பாலில் பாதி வாந்தியாகப் போய்விடுகிறது. கோயம்புத்தூரில் பார்க்கும் டாக்டர், வயிற்றில் டியூப் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் ஆரம்பிக்கலாம், பத்துக் கிலோ வந்ததும் கிட்னி மாற்றலாம் என்கிறார். யோசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். "பச்சைப் பிள்ளையை எதுக்குப்பா வதைக்கிறீங்க" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என் மனைவி கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆனது என்கிறார் என் அம்மா. மனைவி பேசுவதையே குறைத்துவிட்டாள். என் கிட்னியை இப்போதே கொடுக்க முடியாதா? டயாலிசிஸ் செய்தால் பிழைப்பானா, புத்தி நன்றாக இருக்குமா? செய்யாமல் விட்டால் பாவமா?

(பெயர் வெளியிட வேண்டாம், நாமக்கல்)

பதில்: தம்பி, முதலில் உங்கள் அம்மாவை உட்கார வைத்து இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். ஆண் குழந்தையின் சிறுநீர்ப் பாதையில் குறுக்கே ஒரு மெல்லிய சவ்வு நின்றுவிடுவதைத்தான் வால்வு என்கிறோம். ஐயாயிரம் முதல் எட்டாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. கருவின் ஆரம்ப மாதங்களிலேயே உண்டாகிவிடும். தாய் என்ன சாப்பிட்டாள், எந்த நாளில் வாசலுக்கு வந்தாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. சிறுநீர் வெளியேற வழியில்லாமல் பின்னோக்கி அழுத்தியதால், கிட்னிகள் உருவாகும்போதே பழுதாக உருவாகிவிட்டன. அதனால்தான் வால்வை எரித்து வழி திறந்த பிறகும், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இறங்கவில்லை. உங்கள் மனைவி மேல் ஒரு தவறும் இல்லை. வரப்போகும் இரண்டு வருடமும் இந்தக் குழந்தையைத் தாங்கப் போகிறவர்களில் முக்கியமானவர் அவர். வீட்டுக்குள் அவரைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்துக்கொண்டு அந்த வேலையை அவரிடம் கேட்கக்கூடாது. கேட்பது அநியாயம்.

இனி உங்கள் கிட்னி. பெரியவர் ஒருவரின் கிட்னி பத்து, பதினொரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உங்கள் மகனின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே நானூறு மில்லிக்குக் குறைவு. பெரியவர் கிட்னி கேட்கிற அளவு ரத்தத்தைத் தள்ளிக் கொடுக்க அந்தச் சின்ன இதயத்தால் முடியாது. ஓட்டம் குறைந்தால் புதுக் கிட்னியின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கொடுத்த கிட்னி முதல் சில நாட்களிலேயே வீணாகும். அதனால்தான் பெரும்பாலான மையங்கள் பத்துக் கிலோ வரை காத்திருக்கின்றன. அனுபவமுள்ள சில இடங்களில் எட்டுக் கிலோவிலும் செய்கிறார்கள். அந்த எடையிலும் பெரியவர்களுக்கு வைப்பதுபோல அடிவயிற்றின் ஓரத்தில் வைக்க முடியாமல், பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே வைத்து உடம்பின் பிரதான ரத்தக்குழாய்களோடு இணைப்பார்கள். வால்வு இருந்த குழந்தை என்பதால் மூத்திரப்பை எப்படி வேலை செய்கிறது என்பதையும் அதற்கு முன் பார்த்தாக வேண்டும்.

ஆகவே நீங்கள் இப்போது செய்யக்கூடியது உங்கள் கிட்னியைப் பத்திரமாக வைத்திருப்பது. ரத்த வகை பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பாருங்கள். பட்டறை வேலையில் முதுகு வலிக்கிறது என்று மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை இன்றோடு விடுங்கள். கிட்னி கொடுக்க நம் நாட்டுச் சட்டம் பெற்றோரை மட்டுமல்ல, தாத்தா பாட்டியையும் நெருங்கிய உறவாக ஏற்கிறது. உங்கள் அம்மாவுக்கு அறுபதுக்குள் வயதிருந்து உடம்பும் நன்றாக இருந்தால் அவரும் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

டயாலிசிஸ் என்றதும் எல்லோர் கண்ணிலும் வருவது கையில் ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்யும் ஹீமோ டயாலிசிஸ். உங்கள் மகனுக்குச் சொல்லியிருப்பது அது இல்லை. ஹீமோவில் எந்த நேரத்திலும் உடம்பின் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. இவனுக்கு அது நாற்பது மில்லிகூட இல்லை. வழக்கமான டியூப்களையும் ஃபில்டரையும் நிரப்பவே அதைவிட அதிகம் வேண்டும். அதை ஈடுகட்ட வேறொருவர் ரத்தத்தால் டியூபை நிரப்ப வேண்டிவரும். அப்படி அடிக்கடி அடுத்தவர் ரத்தம் ஏறினால் உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகி, பின்னால் பொருந்துகிற கிட்னி கிடைப்பது கடினமாகிவிடும். கழுத்து ரத்தக்குழாய்களும் கெடும். வாழ்நாள் முழுக்கத் தேவைப்படப் போகும் குழாய்கள் அவை.

வாட்ஸ்அப்பில் "குழந்தைகளுக்கான டயாலிசிஸ் மெஷின்" என்று ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கலாம். இத்தாலியின் விசென்சா நகரில் டாக்டர் கிளாடியோ ரோங்கோவின் குழு உருவாக்கிய சின்ன மெஷின் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 2013-இல் மூன்று கிலோகூட இல்லாத ஒரு பச்சிளங்குழந்தையை அதை வைத்துக் காப்பாற்றினார்கள். நல்ல சாதனை அது. ஆனால் அந்த மெஷின், திடீரென்று கிட்னி நின்றுபோய், திரும்ப வேலை செய்யும் என்று நம்பிக்கை இருக்கிற குழந்தைக்கு, ஐ.சி.யு.வில் சில நாட்கள், சில வாரங்கள் ஓட்டுவதற்கானது. வருடக்கணக்கில் வீட்டில் செய்வதற்கு உதவாது.

வீட்டில் செய்ய முடிவது வயிற்று வழி டயாலிசிஸ்தான். பி.டி. என்பார்கள். வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வே இங்கே ஃபில்டர். எடைக்கு எடை பார்த்தால் கைக்குழந்தைக்கு இந்தச் சவ்வின் பரப்பு பெரியவர்களைப் போல் இரண்டு மடங்கு. அதனால் குழந்தைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. சர்க்கரை கலந்த சுத்தமான திரவத்தை மெல்லிய டியூப் வழியாக உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வெளியே எடுக்கிறோம். கழிவும் மிகுதி நீரும் அதோடு வந்துவிடும். ஆரம்பத்தில் ஐம்பது மில்லி மாதிரி விட்டு, டியூப் வைத்த இடம் ஆறியதும் மெல்ல மெல்லக் கூட்டி இருநூறு மில்லிப் பக்கம் கொண்டுவருவார்கள். குத்தல் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் தூங்கிக்கொண்டே இருக்கும். "வதைக்கிறீங்க" என்று சொல்லும் உறவினர்கள் ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கைக்குழந்தைக்கு நீண்டநாள் டயாலிசிஸ் என்பதே நமக்குப் புதிய விஷயம். 1960களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் மையம் தொடங்கியபோது, யாருக்கு இடம் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு வைத்தார்கள். குழந்தைகள் அந்தக் குழுவின் முன் வரவே இல்லை. விதியே அவர்களை விலக்கிவிட்டது. 1976-இல் டெக்சஸில் பாபோவிச், மான்கிரீஃப் இருவரும் வயிற்று வழி டயாலிசிஸை நோயாளியே வீட்டில் தொடர்ந்து செய்துகொள்ளும் முறையைச் சொன்ன பிறகுதான் சின்னக் குழந்தைகளுக்கு வாசல் திறந்தது. எனவே ஊரில் யாரும் இதைக் கேள்விப்பட்டதில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் டியூபையும் மெஷினையும் நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் நாலே முக்கால் கிலோவைப் பத்துக் கிலோவாக்குவது டயாலிசிஸ் இல்லை, சாப்பாடு. கழிவு குறைந்தால் பசி கொஞ்சம் வரும், வாந்தி கொஞ்சம் குறையும். டயாலிசிஸ் செய்து தருவது அவ்வளவுதான். மீதி முழுக்கப் பால், கலோரி, தராசு. கிட்னி கெட்ட குழந்தைகள் உயரத்தை இழப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள். அந்த வயதில் வளர்ச்சி சாப்பாட்டை நம்பித்தான் நடக்கிறது. அப்போது விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

இந்தக் குழந்தைகள் தாமாகக் குடித்து வளர்வது அபூர்வம். பால் கண்டாலே முகத்தைத் திருப்புவார்கள். அப்போது மூக்கு வழியாக டியூப் வைத்து, அல்லது நேரே இரைப்பையில் சின்ன டியூப் வைத்து, ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் பால் விடச் சொல்வோம். பெற்றோர் இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். "நான் ஊட்டினால் குடிப்பான் டாக்டர், இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன்" என்று அம்மாக்கள் அழுவார்கள். அந்த ஒரு வாரம் இரண்டு மாதமாகி, எடை நூறு கிராம்கூட ஏறியிருக்காது. டியூப் வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொன்னால் அன்றே சம்மதியுங்கள். மூக்கைப் பிடித்துப் புகட்டாதீர்கள். டியூபில் பால் போகும்போதே வாயில் ஒரு துளி வைத்து ருசி காட்டுங்கள், விரலைச் சப்பக் கொடுங்கள். வாய் வழி சாப்பிடும் பழக்கம் விட்டுப்போனால், கிட்னி மாற்றிய பிறகும் மாதக்கணக்கில் டியூபை நம்பியே இருக்க வேண்டியிருக்கும்.

தாய்ப்பால் இருக்கிறதா? இருந்தால் அதுதான் முதல் மருந்து. பசும்பாலில் தாய்ப்பாலைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அதைத் தள்ள இவனுடைய கிட்னிக்குச் சக்தி இல்லை, எலும்பு கெடும். பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலில் தேவையான பவுடரைக் கலந்து கலோரி கூட்டுவது டயட்டீஷியனின் வேலை. இளநீர் வேண்டவே வேண்டாம், பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். வாழைப்பழமும் வேண்டாம். உரை மருந்து, வசம்பு, நாட்டு மருந்துக் கடைப் பொடி எதையும் அன்பின் பேரில்கூட யாரும் கொடுக்கக்கூடாது.

கிட்னி நோய் என்றால் உப்பு ஆகாது என்று பெரியவர்களுக்குச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உங்கள் மகனுக்கு அது நேர் தலைகீழ். வால்வு இருந்த குழந்தைகளின் சிறுநீரில் உப்பும் நீரும் சேர்ந்தே வீணாகிப் போகும். டயாலிசிஸ் திரவத்திலும் உப்பு போகும். அதனால் அளந்து உப்பு மருந்து எழுதிக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டில் யாராவது "கிட்னி பிள்ளைக்கு உப்பா?" என்று பதறினால் நிறுத்திவிடாதீர்கள். உப்பும் நீரும் குறைந்து இரவில் ரத்த அழுத்தம் விழுந்ததால், கண் நரம்புக்கு ரத்தம் போகாமல் பார்வையே போன குழந்தைகளும் உண்டு.

வீட்டில் ஒரு ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சைக்ளர் மெஷின் இருந்தால், குழந்தை தூங்கும் பத்து, பன்னிரண்டு மணி நேரமும் அது தானே திரவத்தை விட்டு எடுக்கும். மெஷின் இல்லையென்றால் கையால், பகலும் இரவுமாகப் பல முறை. இணைக்கும் நேரம்தான் முக்கியம். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, நகம் வெட்டிய கையைச் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவி, துடைத்துக் காய வைத்துவிட்டு டியூப் முனையைத் திறக்க வேண்டும். திறந்த முனையில் விரல் பட்டுவிட்டால் பரவாயில்லை என்று மாட்டவே கூடாது. மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். திரவப் பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்கக்கூடாது. கரண்ட் போனால் கையால் செய்யும் முறையையும் கற்றிருக்க வேண்டும். காலையில் எடை, ரத்த அழுத்தம், உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு எல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

வெளியே வந்த திரவத்தைத் தினமும் பார்க்க வேண்டும். தருமபுரிப் பக்கமிருந்து ஒரு பாட்டி பேரனுக்குச் செய்துகொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தரையில் வைத்து, அதன் மேல் பையை வைத்துப் பார்ப்பார். கீழே எழுத்து பளிச்சென்று தெரிந்தால் நல்லது, மங்கினால் பஸ் ஏறிவிடுவார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எழுத்து மங்குவது தெரியும். வயிற்றுக்குள் கிருமி புகுந்ததற்கு அதுதான் முதல் அடையாளம். காய்ச்சலோ வயிற்று வலியோ வரும்வரை காத்திருக்காமல் அதே மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். பையையும் கையோடு எடுத்துப் போங்கள், பரிசோதிக்க வேண்டும். பெரிய பிள்ளைகளைவிடக் கைக்குழந்தைகளுக்கு இந்தக் கிருமித் தொற்று அதிகம் வருகிறது. நோய் எதிர்ப்புப் புரதங்களும் திரவத்தோடு கொஞ்சம் வெளியேறிவிடுவது ஒரு காரணம். அரைஞாண் கயிறும் டயப்பரும் டியூப் வெளிவரும் இடத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைத் தாய் ஒருத்தி மேல் மட்டும் ஏற்றக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நீங்களும் பயிற்சி எடுக்க வேண்டும், உங்கள் அம்மாவும் எடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு இரவாவது உங்கள் மனைவி முழுசாகத் தூங்க வேண்டும். பயிற்சிக்கு மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு அப்பா வேலைக்குப் போய்விடும் வீடுகளில் ஆறே மாதத்தில் அந்தப் பெண் ஓய்ந்துபோவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆள் ஓய்ந்தால் கை கழுவுவதும் தளர்கிறது.

பிழைப்பானா என்ற கேள்விக்கு மழுப்பாமல் சொல்கிறேன். பிறந்த ஒரு மாதத்துக்குள்ளேயே டயாலிசிஸ் தொடங்கிய 264 குழந்தைகளைப் பற்றி 32 நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வருடம் கழித்து நூற்றுக்கு 81 பேர், ஐந்து வருடம் கழித்து 76 பேர் உயிரோடு இருந்தார்கள். பெரும்பாலும் வசதி உள்ள நாடுகளின் கணக்கு அது; அதை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் உங்கள் மகன் ஐந்து மாதம் தாண்டியவன், அவனுக்குச் சிறுநீர் போகிறது. இரண்டும் அவன் பக்கம் நிற்கிற விஷயங்கள். சிறுநீர் அறவே இல்லாத குழந்தைகளும், கருவிலேயே பனிக்குடநீர் வற்றி நுரையீரல் வளராமல் பிறந்தவர்களும்தான் மிகவும் சிரமப்படுகிறார்கள். அந்தச் சிறுநீரைக் காப்பாற்றுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு எதுவும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

புத்தியைப் பொறுத்தவரை, ஒரு காலத்தில் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த அலுமினியம் கலந்த மருந்து கொடுத்து அதனாலேயே மூளை பாதித்த குழந்தைகள் இருந்தார்கள். அது நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. இப்போது தலை நிற்பது, உட்காருவது, நடப்பது தாமதமாகும்; சிலருக்குப் படிப்பில் பின்தங்கல் வரும். பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். காது கேட்கிறதா என்ற பரிசோதனையை மறக்காமல் செய்யுங்கள். தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள், அம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளைக் கிட்னி மாற்றிய பிறகு பொதுவாகப் போட மாட்டார்கள், அதற்கு முன்பே முடித்தாக வேண்டும். மாற்றிய கிட்னியும் ஆயுள் முழுக்க வராது. வளர்ந்த பிறகு இன்னொரு முறை தேவைப்படும் என்பதையும் இப்போதே தெரிந்து வைத்திருங்கள்.

செய்யாமல் விட்டால் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தம்பி. நுரையீரலோ மூளையோ வேறு உறுப்போ பெரிதாகக் கெட்டிருக்கும்போது, டயாலிசிஸ் வேண்டாம், வலியில்லாமல் வைத்திருந்து எங்கள் மடியிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்த பெற்றோரோடு நான் கடைசிவரை நின்றிருக்கிறேன். அதுவும் ஒரு வைத்தியம்தான். வாந்திக்கும் மூச்சிரைப்புக்கும் மருந்து கொடுத்துக்கொண்டேதான் இருப்போம். இன்று ஆரம்பித்துவிட்டால் பிறகு நிறுத்தவே முடியாது என்பதும் தவறு. ஆறு மாதம் செய்து பார்த்து, குழந்தை தொடர்ந்து துன்பப்பட்டால் உட்கார்ந்து பேசி நிறுத்தலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தை வைத்து என்னைக் கேட்டால், ஆரம்பியுங்கள் என்பேன். சிறுநீர் இருக்கிறது, கிட்னி தவிர வேறு உறுப்புப் பழுது எதையும் நீங்கள் எழுதவில்லை, கொடுக்கத் தயாராக ஓர் அப்பா இருக்கிறார். மூளை, இதயம், நுரையீரல் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் உங்கள் டாக்டரிடம் நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவசரம் என்று ஆகும்வரை இழுக்காதீர்கள். டியூப் வைத்தபின் இரண்டு வாரம் ஆறவிட்டு ஆரம்பித்தால் கசிவு குறையும்; அவசரத்தில் ஆரம்பித்தால் அந்த அவகாசம் கிடைக்காது.

செலவுக்கு வழி பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வயிற்று வழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பெரியவர்களுக்கான பை இரண்டு லிட்டர். உங்கள் மகனுக்கு அளந்து விடும் செட் எது பொருந்தும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். கிட்னி மாற்று அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்குக் குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்க வேண்டும். ஐந்து மாதக் குழந்தையின் பெயரைப் பலரும் சேர்த்திருப்பதில்லை. பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.